ஹாங்சோ போகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன் டெல்லியிலேயே முடிக்க வேண்டியவை

டெல்லியிலிருந்து ஷாங்காய்க்கு நேரடி விமானம் 2025 நவம்பரில் மறுபடி தொடங்கியதிலிருந்து தெரிந்தவர்கள் வட்டத்தில் ஒரே கேள்வி: "ஹாங்சோ போகலாம்னு இருக்கோம், அந்த ஏரி ஊரு. என்னென்ன பார்க்கணும்?" பார்க்க வேண்டியதை யூட்யூப் சொல்லிவிடும். நான் திருப்பிக் கேட்பது வேறு. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது? போனில் என்ன ஆப் இருக்கிறது? எந்தத் தேதி?

காரணம் இருக்கிறது. சீனாவில் இறங்கி அங்கே உள்ள வைஃபையைப் பிடித்த நிமிஷமே கூகுளும் வாட்ஸ்அப்பும் வாயை மூடிக்கொள்ளும். ஜிபே அங்கே செல்லாது. மயூர் விஹாரில் இருக்கும் ஒரு தம்பதி, இருவரும் ரிட்டயர் ஆனவர்கள், ஹாங்சோவில் ஹோட்டல் வாசலில் டாக்ஸிக்குக் காசு கொடுக்க வழியில்லாமல் நாற்பது நிமிஷம் நின்றார்கள். பர்ஸில் மூன்று கார்டு. ஒன்றும் வேலை செய்யவில்லை. டிரைவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே நின்றாராம். மாமி இன்றும் அந்தச் சிரிப்பைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை அது.

செய்ய வேண்டியவை

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், டிக்கெட் அப்புறம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஏரிக்கரையில் பீச் மரம் பூக்கும், தேயிலை பறிப்பும் அப்போதுதான். இல்லையென்றால் அக்டோபர் பாதிக்கு மேல், நவம்பர். டெல்லியில் மூச்சு முட்டுகிற மாதத்தில் அங்கே இதமான குளிர். ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை விடாத மழை. அதற்குப் பின் ஆகஸ்ட் முடிய நம் ஜூன் மாத டெல்லியைப் போலவே வெயில் கொளுத்தும், கூடவே சென்னையின் புழுக்கமும் சேரும்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். எல்லா இடத்திலும் அதையே, எழுத்துக்கு எழுத்து, போடுங்கள். தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில் முழுதாக இருக்கும். பேங்க் கார்டில் வெறும் இன்ஷியல். விமான டிக்கெட்டில் டிராவல்ஸ்காரர் அவர் இஷ்டத்துக்கு ஒன்று போட்டிருப்பார். சிலருக்கு சர்நேம் கட்டமே காலி. சீனாவில் விசா, ரயில் டிக்கெட், ஹோட்டல், பணம் கட்டும் ஆப், கோயில் நுழைவு எல்லாமே பாஸ்போர்ட் பெயரையும் எண்ணையும் பிடித்துத்தான் ஓடுகின்றன. இன்ஷியலை விரித்து எழுதலாமா, முன்னால் போடலாமா, பின்னால் போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக அம்புக்குறி அம்புக்குறியாக அச்சாகியிருக்குமே, அதில் இருக்கும் வரிசைதான் உங்கள் பெயர். வீட்டில் கூப்பிடுவதெல்லாம் வீட்டோடு.

விசா போட்டோவை 33-க்கு 48 மில்லிமீட்டர் என்று சொல்லி எடுங்கள். தெருமுனை ஸ்டுடியோவில் "விசா போட்டோ" என்றால் அமெரிக்காவுக்கான சதுரப் படத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைப் பின்னணி, காது இரண்டும் தெரிய வேண்டும், நெற்றியில் முடி விழக் கூடாது.

விசா வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும் புக்கிங் மட்டும் செய்யுங்கள். விண்ணப்பத்தோடு ஹோட்டலும் டிக்கெட்டும் காட்ட வேண்டும். ஆனால் காட்டிவிட்டால் விசா நிச்சயம் என்று பொருள் இல்லை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். கட்டணத்தையும் ஆவணப் பட்டியலையும் சீனத் தூதரகத்தின் தளத்திலேயே பாருங்கள். போன வருஷம் போனவர் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மத்திய அரசு ஊழியரா? லீவோடு வெளிநாடு செல்ல அனுமதிக்கும் சேர்த்து இன்றே எழுதிக் கொடுங்கள். ஃபைல் எந்த மேஜையில் தூங்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்.டி.சி. இந்தியாவுக்குள் மட்டும்தான், அந்தக் கணக்கை இதில் சேர்க்காதீர்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-லிருந்து புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். மற்றதை நாம்தான் பேங்க் ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். மயூர் விஹார் தம்பதியின் மூன்று கார்டுகளில் இரண்டின் கதை இதுதான். மூன்றாவது உள்நாட்டு ரூபே. விசா அல்லது மாஸ்டர்கார்டில், வேறு வேறு பேங்கில், இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அலிபேயை டெல்லியில் இருக்கும்போதே போனில் ஏற்றி, பாஸ்போர்ட்டைக் காட்டி, கார்டை இணைத்து முடியுங்கள். ஏரிக்கரையில் வேகவைத்த சோளம் விற்கும் பாட்டிகூட க்யூ.ஆர். அட்டையைத்தான் நீட்டுவார். பேங்கின் ஓ.டி.பி. வீட்டில் நிமிஷத்தில் வரும், அங்கே வராமலே போகலாம். உங்கள் கார்டு ஏற்கப்படுகிறதா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம். டாக்ஸி அழைக்கும் டிடி சேவையும் இதற்குள்ளேயே இருக்கிறது, தனி ஆப் தேவையில்லை.

உங்கள் ஜியோ, ஏர்டெல் நம்பருக்கே ரோமிங் பேக் போடுங்கள். ரோமிங்கில் டேட்டா நம் ஊர் நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்அப்பும் கூகுளும் பெரும்பாலும் வழக்கம்போல் ஓடும். ஓ.டி.பி.யும் அநேகமாக வரும். அங்கே சிம் வாங்கினால் மலிவுதான், ஆனால் பேரனிடம் வீடியோ கால் பேச முடியாது. பேக்கில் சீனா இருக்கிறதா என்று பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆயிரம் யுவானாவது சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். ஒரு யுவான் ஏறக்குறைய 13 ரூபாய். போன் சார்ஜ் இறங்கினால் பர்ஸும் காலி என்கிற ஊர் அது. உரிமம் உள்ள நாணய மாற்றுக் கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹோட்டல் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆங்கிலத்தில் காட்டினால் டிரைவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். கூடவே அந்த ஹோட்டல் வெளிநாட்டவரை ஏற்குமா என்றும் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விடுதிகள் சில இன்னும் தயங்குகின்றன.

வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். 2025 நவம்பரிலிருந்து இந்த வசதி இருக்கிறது, கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

ஷாங்காயில் இறங்குபவர்கள் விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சர்வதேச விமானம் வந்து நிற்பது புடோங்கில். ஹாங்சோ ரயில்கள் அதிகம் கிளம்புவது ஊரின் மறுகோடியில் உள்ள ஹோங்சியாவ் நிலையத்தில். 2024 டிசம்பரில் திறந்த விமான நிலைய இணைப்பு ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிஷம், பழைய மெட்ரோவில் அதைப் போல இரண்டு மடங்குக்குமேல். அங்கிருந்து ஹாங்சோ கிழக்கு நிலையத்துக்கு வேகமான ரயிலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஹாங்சோவில் நிலையங்கள் பல. டிக்கெட்டில் 'கிழக்கு' என்று இருந்தால் கிழக்குதான், புது டெல்லிக்குப் பதில் பழைய டெல்லிக்குப் போய் நின்ற கதை ஆகிவிடக் கூடாது. காகித டிக்கெட் தேட வேண்டாம், பாஸ்போர்ட்தான் டிக்கெட்.

லிங்யின் கோயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், அதுவும் காலை முதல் நேரத்துக்கு. இந்தப் பயணத்தில் ஒரு இடம்தான் என்றால் என் ஓட்டு ஏரிக்கு இல்லை, இதற்குத்தான். கோயிலுக்கு எதிரில் ஒரு சுண்ணாம்புக்கல் குன்று. சுற்றியுள்ள மலைகளோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். 4ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த ஹுய்லி என்ற இந்தியத் துறவி, "அட, இது எங்கள் ஊர் கிருத்ரகூடம் ஆயிற்றே, இங்கே எப்படிப் பறந்து வந்தது?" என்று வியந்ததாகக் கதை. அதனால் பெயரே 'பறந்து வந்த மலை'. கிருத்ரகூடம் இருப்பது பீகாரின் ராஜ்கிரில். பாறையெங்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்த உருவங்கள், 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை செதுக்கியவை. தொந்தியும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கும் மைத்ரேயர் முன்னால் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் குகைக்குள் போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒரு நிமிஷம் நில்லுங்கள். சுவரில் முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சூ கரையில் காலை ஆறு மணிக்கு நடங்கள். ஏழரைக்குமேல் அது கரை இல்லை, சாந்தினி சௌக். சூ டோங்போ என்ற கவிஞர் இந்த ஊருக்கு ஆட்சியராக வந்தபோது, 1090 வாக்கில் ஏரியைத் தூர் வாரி, அள்ளிய சேற்றையே கொட்டி எழுப்பிய 2.8 கிலோமீட்டர் நீளக் கரை இது. நம் ஊர் ஏரிகளில் தூர் வாரிய மண் எங்கே போகிறது என்று அங்கே நின்று யோசிக்காதீர்கள், நடை கெட்டுவிடும்.

சைவம் என்பதைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வோ சர் சூ" என்று வாயால் சொல்லியும் பழகுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் துண்டங்களை எடுத்துவிட்டு அதே குழம்பை வைப்பார்கள். இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு, இறைச்சி வேகவைத்த சாறு, சிப்பிச் சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதியிருக்கட்டும். முட்டை உண்டா இல்லையா என்பதும். நல்ல சேதி, இது புத்த கோயில்கள் உள்ள ஊர். கோயில் பக்கத்துச் சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டு கூடக் கிடையாது. அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் நிம்மதியாக அங்கே உட்காரலாம். ரயிலிலும் ஹோட்டலிலும் வெந்நீர் எப்போதும் இலவசம். இன்ஸ்டன்ட் காபி பாக்கெட்டும் ஒரு ஃபிளாஸ்கும் போதும்.

டிஷ்யூ பேப்பரும் ஒரு சின்ன மடக்கு மக்கும் கைப்பையில் இருக்கட்டும். விளக்கம் தேவையில்லை.

செய்யக்கூடாதவை

குவாங்சோவை ஹாங்சோ என்று நினைத்து டிக்கெட் போடாதீர்கள். டெல்லியிலிருந்து குவாங்சோவுக்கும் நேரடி விமானம் உண்டு, பல சமயம் மலிவாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்குமேல். பெயர் ஒரே மாதிரி காதில் விழும், அவ்வளவுதான் உறவு.

குவான்சோவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயில் சிற்பத் துண்டுகளும் கிடைத்த துறைமுகம் அது, தெற்கே ஃபூஜியன் மாகாணத்தில். ஹாங்சோவில் கல்வெட்டைத் தேடி அலைந்த ஒரு தமிழ்ப் பேராசிரியரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் ரயிலுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

"240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம்" என்ற வீடியோவை நம்பாதீர்கள். வீடியோ பொய் இல்லை, அந்தச் சலுகை பெறும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வீடியோ போட்டவரின் பாஸ்போர்ட் நிறத்தைப் பாருங்கள்.

"விசா கேரன்டி" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் அசல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். கேரன்டி கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. வராவிட்டால் அவர் கட்டணம் திரும்பவும் வராது.

காந்தி ஜெயந்தி லீவை ஒட்டிப் போகாதீர்கள். அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனாவே ஊர் சுற்றும். மே 1-ஐ ஒட்டிய நாட்களும் அப்படியே. சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு ஊருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக ரயில் டிக்கெட்டே கிடைக்காது. ஏரியின் வடகிழக்கில் 'உடைந்த பாலம்' என்று ஒன்று இருக்கிறது. உடையவெல்லாம் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் பாலமே கண்ணுக்குத் தெரியாது, தலைகள்தான். ஏரிக்குப் பக்கத்தில் உள்ள லோங்ஷியாங்சியாவ் மெட்ரோ நிலையத்தில் கூட்டம் தாங்காமல் ரயில் நிற்காமல் போகும் நாட்களும் உண்டு.

வார இறுதியில் ஏரியைச் சுற்ற டாக்ஸி பிடிக்காதீர்கள். நகரும் என்று சொல்ல முடியாது. விடுமுறை நாட்களில் அங்கே ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் விதி உண்டு. நமக்கு 2016-லேயே பழகிய தலைவலி. மெட்ரோவில் போய் நடங்கள், இல்லை படகில் ஏறுங்கள்.

வீசாட் இருந்தால் போதும் என்று இருக்காதீர்கள். 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. சீன நண்பர் அதில் செய்தி அனுப்புவதாகச் சொன்னால் மெயில் ஐடி கொடுங்கள்.

பாக்குவெட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்தது. ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் பையை ஸ்கேன் செய்வார்கள். எனக்கு உறவில் ஒரு பெரியப்பா, எழுபத்தைந்து வயது, அவருடைய அப்பா வழி வந்த பித்தளைப் பாக்குவெட்டி. மேஜைமேல் வைத்து மூன்று காவலர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது எதற்கு என்று அவர் ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து நறுக்கிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு திருப்பித் தருவதற்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று. பழம் நறுக்கும் கத்தியும் இதே கணக்கு.

சீன உள்நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தால் பழைய பவர் பேங்கை எடுத்துப் போகாதீர்கள். 2025 ஜூன் கடைசியிலிருந்து 3சி என்ற சீனத் தர முத்திரை இல்லாதவற்றுக்கு அனுமதி இல்லை. கரோல் பாகில் வாங்கியதில் அது இருக்காது.

தயிர், வெண்ணெய், நெய், பழம், கருவேப்பிலைக் கொத்து எதுவும் பெட்டியில் வேண்டாம். பால் பொருளும் பச்சைக் காய்கனியும் சுங்கத்தில் நின்றுவிடும். பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் போதாதா?

"இலவசமாகத் தேயிலைத் தோட்டம் காட்டுகிறேன்" என்று வருபவரின் வண்டியில் ஏறாதீர்கள். முடிவது ஒரு வீட்டுக் கூடத்தில், மேஜையில் நான்கு கோப்பை, எதிரில் அன்பான ஒரு அம்மாள். லோங்ஜிங் என்ற பச்சைத் தேயிலைக்கு உலகப் பெயர். ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்கு விலை எகிறும். அதைச் சொல்லித்தான் சாதாரண இலையைத் தலையில் கட்டுவார்கள். குடித்துவிட்டு வாங்காமல் எழுந்திருக்க நம்மவர்களுக்கு மனம் வராது, அவர்கள் நம்பியிருப்பதும் அந்தத் தாட்சண்யத்தைத்தான். பஸ்ஸில் போங்கள், கடையில் 50 கிராம் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பிடித்தால் மறுநாள் இன்னொரு 50.

படகுக்காரரிடம் விலை பேசாமல் ஏறாதீர்கள். படகுக்கு இத்தனையா, தலைக்கு இத்தனையா, எத்தனை நிமிஷம் என்று விரல்விட்டுக் கேளுங்கள். கரையில் இறங்கியதும் ஒரு யுவான் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் இருப்பது ஏரிக்குள் நீங்கள் இப்போது பார்த்துவிட்டு வந்த மூன்று கல் விளக்குகள்தான்.

லெய்ஃபெங் கோபுரத்தைப் பழங்காலச் சின்னம் என்று நினைத்துப் படியேறாதீர்கள். பழையது 1924-இல் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது 2002-இல் எழுந்தது, எஸ்கலேட்டர் உண்டு. மாலையில் மேலிருந்து ஏரி தெரியும் அழகுக்காகப் போகலாம், அது உண்மையான அழகு.

தெரிந்தவர் வீட்டில் தங்கினால் போலீஸ் பதிவை விட்டுவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள்.

பிறந்த இடம் அருணாச்சலப் பிரதேசம் என்று பாஸ்போர்ட்டில் உள்ள நண்பரை யோசிக்காமல் கூட்டிப் போகாதீர்கள். 2023-இல் இதே ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அந்த மாநிலத்து வூஷு வீராங்கனைகள் மூவரால் போய்ச் சேர முடியவில்லை. 2025 நவம்பரில் ஷாங்காயில் விமானம் மாற வந்த ஒரு பெண்ணையும் பல மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். நியாயம் அந்தப் பெண்கள் பக்கம்தான், ஆனால் அந்தக் கவுன்டரில் நியாயம் பேசிப் பயனில்லை. ஷாங்காயை விட்டுவிட்டு வேறு திட்டம் போடுங்கள்.

புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டிப் போனால் சியன்டாங் ஆற்றின் தடுப்பைத் தாண்டி நிற்காதீர்கள். அந்தப் பௌர்ணமியில் வரும் சீன நிலா விழா கழிந்த மூன்றாம் நாள் கடலலை ஆற்றுக்குள் சுவர்போல எதிர்த்து ஏறும். தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் மேலே வந்துவிடும். ஆட்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

ஷாங்காயிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டம் போடாதீர்கள். ஏரிக்கு டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது. கூட்டம் கலைந்த பிறகு, ராத்திரி ஒன்பதரைக்குமேல், பெஞ்சில் இடம் கிடைக்கும். உங்கள் ரயில் அப்போது ஷாங்காயில் நின்றுகொண்டிருக்கும்.